உவர்மலை ஏற்றத்தில் வந்த தோள் வலி

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால், நாரி, விரல்கள், பழைய தழும்பு, தலையிடி என்று வாடை தொடங்கினால் நோகும் இடங்களை எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சந்தைக்குப் போய்த் திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் நடந்து வரும்போது இடது தோளும் கழுத்தும் இறுகிப் பிடிக்கிறது, கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது, அதுவும் காற்றுப் பட்டதுதானே என்று. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

அது காற்றுப் பட்ட நோவாக எனக்குத் தெரியவில்லை. பையை வலக்கையில்தான் பிடித்திருந்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஏன் இடது தோள் பிடிக்க வேண்டும்? தோள் மூட்டில் கோளாறு என்றால் தலை சீவக் கையைத் தூக்கும்போது நோகும், அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நோகும், ஏற்றத்தில் கால் நடப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நடந்தால் வருவதும், நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் விடுவதும், எதிர்காற்றில் இன்னும் சீக்கிரமாக வருவதும் இதயத்துக்குப் போகிற இரத்தம் குறையும்போது காணுகிற குணம். குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டிவரும். அதனால்தான் உங்களுக்கு அது வாடையோடு வந்ததாகத் தெரிகிறது. காற்றுக்கு அதில் பங்கு இருக்கிறது, ஆனால் வருத்தம் காற்றில் இல்லை.

உங்களுக்கு 64 வயது, பத்து வருடமாக நீரிழிவு, பிரஷருக்குக் குளிசை வேறு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் பல நேரம் நெஞ்சு நோகவே நோகாது, தாடையில் ஒரு இறுக்கம், தோளில் ஒரு பாரம், காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். மாரிகாலத்தில் இவற்றை எல்லாம் "வாதம்" என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு இருந்துவிட்டுப் பிந்தி வருகிறவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? இதை வாசிக்கிற அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோள் நோ என்று தொடங்காதீர்கள், "ஏற்றத்தில் நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, எனக்கு நீரிழிவு இருக்கிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். ஈசிஜி எடுப்பார்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி சரியாக இருந்தால் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள், இந்த வகை நோவில் அது சரியாகவே இருக்கலாம். நடக்க வைத்து எடுக்கும் பரிசோதனை தேவையா என்று இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னர் எப்போதாவது அந்தப் பிடிப்பு இருந்த இடத்தில் இருக்கும்போதே வந்தாலோ, ஐந்து நிமிடம் ஓய்ந்தும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம். மகன் வேலையால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது நோவுக்கு நீங்கள் எடுக்கிற அந்த டைக்ளோபெனாக் குளிசை. கார்த்திகை மாதத்திலிருந்து காலையும் இரவும் ஒவ்வொன்று, பார்மசியில் சொல்லி வாங்கி. அம்மா, இன்றைக்கே நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த குளிசை உங்களுக்கும் சரிவரும் என்று யார் சொன்னது? அந்த மருந்து பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் வைக்கும், நீங்கள் பிரஷருக்கு எடுக்கிற லொசார்டானோடு சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். குளிர் நாளில் தண்ணீரும் குடிப்பதில்லை என்கிறீர்கள், அது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. லொசார்டானை நிறுத்திவிடாதீர்கள், அது இருக்க வேண்டிய மருந்து. நோ தாங்க முடியாத நாளில் பனடோல் இரண்டு போடலாம், அடுத்ததுக்கு ஆறு மணித்தியாலமாவது விட வேண்டும். பெயர் எழுதாத கடதாசிப் பையில் கட்டித் தருகிற "வாதக் குளிசை" ஒன்றும் வேண்டவே வேண்டாம், அவற்றில் பல நேரம் ஸ்டீரோயிட் கலந்திருக்கும், இரண்டு நாளில் நோ பறந்துவிடும், சீனி எங்கேயோ ஏறி நிற்கும்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். என் அம்மா கடைசி ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார், நானும் அப்படி ஆகிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஒரு மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபிறகுதான் எழும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவரைப் படுக்கையில் போட்டது வாடை இல்லை, பெரும்பாலும் இடுப்புக்குக் கிட்டத் தொடையெலும்பு முறிந்திருக்கும், அந்தக் காலத்தில் படம் எடுக்காமலே விட்டிருப்பார்கள். காலநிலை மூட்டைத் தேய்ப்பதில்லை. மழை நாளில் நோ கூடினால் உங்கள் முழங்கால் ஒரு படி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மழை விட்டதும் பழையபடி ஆகிவிடும். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள், குளியலறையில் ஒரு கைபிடி பூட்டச் சொல்லுங்கள், இரவில் எழும்பினால் லைட்டைப் போடுங்கள்.

மழைக்கும் நோவுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கிறது. பிரித்தானியாவில் 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில் 2,658 பேர் தினமும் தங்கள் நோவைக் கைத்தொலைபேசியில் பதிந்தார்கள். ஈரப்பதன் கூடி, வளியமுக்கம் குறைந்து, காற்று பலமாக வீசிய நாட்களில் நோவும் சற்றுக் கூடியது, பெரிய அளவில் அல்ல. அமெரிக்காவில் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர் சந்திப்புகளை வைத்து 2017இல் பார்த்தபோது மழை நாளில் மூட்டு, முதுகு நோவென்று வருகிறவர்கள் கூடவில்லை. வானொலியில் தாழமுக்கம் என்றதுமே முழங்காலைத் தடவத் தொடங்காதீர்கள். நமது பக்கத்தில் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் அமுக்கம் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கத்தான் செய்கிறது. நூறு மீற்றர் உயரம் ஏறினால் பன்னிரண்டு குறையும். அப்போதெல்லாம் முழங்கால் ஒன்றும் சொல்வதில்லையே.

மாரியில் நோ கூடுவதற்கு நான் கண்ட பெரிய காரணம் வேறு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரை ஏறியபோது, காற்றடித்த அன்றைக்கு ஒருவரும் மூட்டு நோ என்று வரவில்லை. ஒரு கிழமை வீட்டுக்குள் முடங்கிக் கிடந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் முற்றத்துக் கிளைகளையும் மண்ணையும் அள்ளிப் போட்டவர்கள்தான் வந்தார்கள். அசையாத மூட்டு இறுகும், தொடைத் தசை சோரும். மழையென்று நடையை விட்டுவிட்டு, குளிர்ந்த சீமெந்துத் தரையில் பலகை போட்டுக் குந்தித் தேங்காய் திருவுகிறீர்கள் அல்லவா, அந்தக் குந்துதல்தான் முழங்காலைக் கொல்கிறது. திருவலையை மேசையில் பூட்டுகிற மாதிரி ஒன்று வாங்குங்கள். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். மூச்சை அடக்கக் கூடாது. நடையை மட்டும் இதய மருத்துவர் பார்த்தபிறகு தொடங்குங்கள்.

விரல் விறைப்பு அரை மணித்தியாலத்துக்குள் விடுகிறது என்றால் கவலை இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, இரண்டு கை மொளிகளும் வீங்கினால் காட்டுங்கள். தழும்பு தினவெடுப்பது ஒன்றுமே இல்லை. மழை நோதான் பாரிசவாதத்தின் தொடக்கம் என்று நீங்கள் பார்த்த வீடியோவில் சொன்னவர் என்ன படித்தார் என்று தெரியவில்லை, அது பொய். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நல்லதா என்று கேட்டீர்கள், சூடு சுகமாக இருக்கும், மூட்டு மாறாது. ஆனால் வீட்டில் சுடுதண்ணீர்ப் பையைக் காலில் வைக்காதீர்கள், நீரிழிவில் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டுக் கொப்பளித்தும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஏற்றம் இறக்கம் நடக்க வேண்டாம், ஓட்டோவில் போங்கள். எடுக்கிற குளிசை எல்லாவற்றையும், பார்மசியில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஈசிஜியில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், முழங்காலைப் பற்றி அதன்பிறகு ஆறுதலாகக் கதைப்போம்.