மாலை நேரப் பசியும் மாமியாரின் கவலையும்

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம். பிறக்கும்போது 2.9 கிலோ இருந்தாள், சென்ற வாரம் எடை பார்த்தபோது 4.9 கிலோ. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை குடிப்பவள், மாலை ஆறு மணிக்கு மேல் அரைமணிக்கு ஒருமுறை அழுது அழுது குடிக்கிறாள். என் மார்பும் முன்போல் கனப்பதில்லை. பால் வற்றிவிட்டது, புட்டிப்பால் கொடு, மூன்று மணிக்கு ஒருமுறை என்று பழக்கு என்கிறார் மாமியார். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விடுப்பு எடுத்துவிட்டதால் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது?

– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் அம்மா. ஏறத்தாழ 75 நாட்களில் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள். நாளுக்குச் சுமார் 27 கிராம். இந்த வயதுக்கு இது நல்ல வளர்ச்சி. நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். எடையும் நனைந்த துணியும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்த காலமெல்லாம் நான் நம்பியது இந்த இரண்டைத்தான், கடிகாரத்தை அல்ல.

மார்பு கனக்காதது நல்ல அறிகுறி. தொடக்க வாரங்களில் உடலுக்கு அளவு தெரியாது. தேவைக்கு மேல் சுரந்து கட்டிக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குழந்தை குடிக்கும் அளவுக்கு ஏற்பச் சுரக்கப் பழகிவிடும். மார்பு மென்மையாகிவிடும். எத்தனையோ தாய்மார்கள் சரியாக இந்தக் கட்டத்தில்தான் பால் வற்றிவிட்டது என்று பயந்து பவுடர் டப்பாவைத் திறக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அது. ஏனென்றால், பால் சுரப்பது மார்பு காலியாவதைப் பொறுத்தது. புட்டிப்பால் குடித்த குழந்தை அடுத்த வேளை மார்பில் குறைவாகச் சப்பும். குறைவாகச் சப்பினால் குறைவாகச் சுரக்கும். இல்லாத குறை அப்போதுதான் உண்மையாகிறது.

மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது இந்த வயதுக் குழந்தைகளின் இயல்பு. மாலையில் பால் வரத்து சற்று மெதுவாக இருக்கும், குழந்தையும் களைத்திருக்கும். சப்புவது அதற்குப் பசியும் ஆறுதலும் சேர்ந்த காரியம். அந்த இரண்டு மூன்று மணி நேரம் சமையலறைப் பக்கம் போகாதீர்கள். இரவுச் சாப்பாட்டை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் குடித்து அதுவாக விட்டதும் மறுபக்கம் மாற்றுங்கள். மூன்று மணிக் கட்டுப்பாடு வேண்டாம். கையைச் சூப்புவது, தலையைத் திருப்பி வாயைத் திறப்பது ஆகியவைதான் பசியின் மணியோசை. அழுகை கடைசியில் வருவது. அதுவரை காத்திருந்தால் மார்பைச் சரியாகப் பிடிக்க மாட்டாள். இரவுப் பாலையும் நிறுத்திவிடாதீர்கள். பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும்.

இனி வேலை. திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பால் பீய்ச்சிப் பழகுங்கள். காலையில் முதல்முறை கொடுத்த பிறகு செய்தால் எளிது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பின் அடியிலிருந்து இரண்டு மூன்று செண்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். மார்பை நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலைத் தேய்த்து இழுக்க வேண்டாம், காம்பைப் பிடித்துப் பிதுக்கவும் வேண்டாம். முதல் நாள் சில துளிதான் வரும். அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். குழந்தை குடிக்கும் அளவுக்கு அது அளவுகோல் அல்ல.

எடுத்த பாலை ஃபிரிட்ஜின் உள்பக்கம், கதவில் அல்லாமல், நான்கு நாள் வரை வைக்கலாம். குளிர்ந்த அறையில் நான்கு மணி நேரம். திருப்பூர் வெயிலில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொடுக்கும்போது வெந்நீருள்ள பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

புட்டிக்குப் பதிலாகச் சங்கில் கொடுக்கச் சொல்வேன். ரப்பர் காம்பின் இடுக்கில் தங்கும் பால் கிருமிக்கு வீடு. சங்கைத் தேய்த்துக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் வேலை முடிந்தது. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, உதட்டில் சங்கைத் தொட்டு, அவள் விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது. இந்தப் பொறுப்பை உங்கள் அத்தையிடமே கொடுங்கள். தாயின் வாசனை அருகில் இருந்தால் குழந்தை சங்கை ஏற்காது, மார்பைத்தான் தேடும். அத்தையின் கவலையெல்லாம் பேத்தி பசியோடு இருக்கக் கூடாது என்பதுதான். தன் கையால் பாலூட்டத் தொடங்கினால் அந்தக் கவலை தானே குறையும்.

அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். மகப்பேறு நலன் குறித்த சட்டப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காப்பகம் இருந்தால் மகளைக் கூடவே அழைத்துச் செல்லலாம். திரும்பும் தேதிக்கு முன்பே இதை எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்குக் கோடையில் வெந்நீர் ஆற்றிக் கொடுக்கலாமா?

– வாசகி, வேலூர்

பதில்: வேண்டாம். தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் கூடாது. தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது. வெயில் கூடினால் பால் கொடுக்கும் தடவையைக் கூட்டுங்கள். தண்ணீரை நீங்கள் குடியுங்கள்.