இத்தாலியக் கால்பந்துக் கிளப்பான ஏசி மிலானுக்காகவே வாழ்நாள் முழுக்க ஆடிய வீரர்கள் யார்?

இரண்டு பேரை முதலில் சொல்ல வேண்டும்: பாவ்லோ மால்தினி, பிராங்கோ பரேசி.

மால்தினி 1985 ஜனவரியில், 16 வயதில், உதினேசேவுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். 2009-ல் ஓய்வு பெறும்வரை வேறு கிளப்பே கிடையாது. மொத்தம் 902 ஆட்டங்கள், ஏழு சீரி ஆ (இத்தாலியின் முதல் பிரிவு லீக்) பட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). வலது கால்காரர், ஆனால் பெயர் வாங்கியது இடது பின்கள வீரராக! வயது ஏறியதும் நடுப் பின்களத்துக்கு நகர்ந்தார். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தது என்பது என் கருத்து.

அவருடைய அப்பா சேசரே 1963-ல் மிலான் கேப்டனாக லண்டன் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார். சரியாக 40 ஆண்டுகள் கழித்து, மான்செஸ்டரில் மகனும் கேப்டனாக அதே கோப்பையைத் தூக்கினார். அப்புறம் 2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டம். முதல் நிமிடத்திலேயே மால்தினி கோல் போட்டார், இடைவேளையில் 3-0 முன்னிலை. கடைசியில் லிவர்பூல் பெனால்டியில் வென்றுவிட்டது. இரண்டு ஆண்டுகளில் ஏதென்ஸில் அதே அணியை வீழ்த்திக் கணக்குத் தீர்த்தார்கள்.

பரேசியை மிலானின் பரம எதிரியான இன்டர் சிறுவயதில் வேண்டாமென்று அனுப்பியது. அண்ணன் ஜுசெப்பேயை மட்டும் வைத்துக்கொண்டது. மிலான் இரண்டு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் பரேசி விலகவில்லை. 1994 உலகக் கோப்பையின் நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சை, ஒரு மாதத்துக்குள் இத்தாலிக்காக இறுதி ஆட்டத்தில் களத்தில் நின்றார். பெனால்டியைத் தவறவிட்டாலும், அன்று பிரேசிலை 120 நிமிடம் கோலின்றித் தடுத்ததில் அவர் பங்கு பெரிது.

பரேசியின் 6-ஆம் எண் சட்டையை இனி மிலானில் யாரும் அணிய முடியாது. மால்தினியின் 3-ஆம் எண்ணும் அப்படித்தான், அவர் மகன்களுக்கு மட்டும் விலக்கு.