குற்றவாளி பதிவு செய்யமாட்டான் என்ற வாதம்

கேள்வி: அமெரிக்கா முழுவதற்கும் துப்பாக்கி உரிமமும் பதிவேடும் வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குற்றவாளி பதிவு செய்துகொண்டா சுடுகிறான்? குற்றவாளி தன் துப்பாக்கியைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1968-இல் தீர்ப்பளித்தது உங்களுக்குத் தெரியாதா? சட்டத்தை மதிப்பவர்களின் பட்டியலை அரசின் கையில் கொடுப்பதைத் தவிர இதனால் என்ன பயன்?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: தெரியும். ஆனால் அந்தத் தீர்ப்பின் முற்பாதியை மட்டுமே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இயந்திரத் துப்பாக்கி, குழல் குறுக்கப்பட்ட ஷாட்கன் முதலியவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் விதித்தது. பதிவு செய்யாத ஆயுதத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய முன்வந்தால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற, அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாவது திருத்தத்துக்கு அது முரணாகும் என்று ஹெய்ன்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, பதிவு செய்யும் கடமையைத் தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், மற்றவருக்கு மாற்றித் தருபவர் ஆகியோர் மீது வைத்தது. பதிவுக்காகத் தரும் விவரங்களை ஏற்கெனவே செய்த குற்றங்களுக்குச் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்தது. திருத்தப்பட்ட சட்டம் செல்லும் என்று 1971-இல், ஃப்ரீட் வழக்கில், உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. நீங்கள் ஆதாரமாகக் காட்டும் ஓட்டை அடைபட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

குற்றவாளி பதிவு அலுவலகத்துக்கு வரமாட்டான் என்பது உண்மைதான். அவன் கைக்கு வந்து சேரும் துப்பாக்கியோ பெரும்பாலும் ஒரு தொழிற்சாலையில் வரிசை எண் பொறிக்கப்பட்டு, உரிமம் பெற்ற கடையில், யாரோ ஒருவருக்குச் சட்டப்படி விற்கப்பட்டதுதான். சட்டம் பார்க்க வேண்டிய இடம், அது நேர்மையான கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறும் அந்த இடமே. இன்றைய மத்தியச் சட்டத்தில் அந்த இடம் இருளில் கிடக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையம் முதலில் தயாரிப்பாளரையும், பிறகு மொத்த வியாபாரியையும், கடைசியாகக் கடைக்காரரையும் கேட்டு, முதலில் வாங்கியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்கிறது. அவர் அதை வணிகர் அல்லாத தனியாளாக வேறொருவருக்கு விற்றிருந்தால், பல மாநிலங்களில் அதற்குப் பின் எந்த ஏடும் இல்லை. இயந்திரத் துப்பாக்கி முதலியவற்றைத் தவிர மற்றத் துப்பாக்கிகளுக்கான மத்தியப் பதிவேட்டை 1986-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எனக் கண்டால், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடவும் வேண்டும். தகுதியற்றவருக்குத் தெரிந்தே விற்பவரைக் காக்கும் ஏற்பாடாகவே இதை நாங்கள் பார்க்கிறோம்.

உங்கள் கேள்வி முழுவதும் குற்றவாளியைப் பற்றியது. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,800 பேர். அவர்களில் 26,000-க்கும் அதிகமானவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தவர்கள். உரிமம் பெறுவதற்கு ஆகும் சில நாட்கள் அவர்களில் சிலருக்கு உயிர் பிழைக்கும் அவகாசமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ஊரின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஷீலா ஜாக்சன் லீ 2021 ஜனவரியில் கொண்டுவந்த உரிம, பதிவு மசோதா சபீகா ஷேக்கின் பெயரைத் தாங்கியிருந்தது. கராச்சியிலிருந்து படிக்க வந்திருந்த அந்த மாணவி உட்பட 10 பேர், 2018 மே மாதத்தில், டெக்சாஸின் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் கொல்லப்பட்டார்கள். அங்கே பயன்பட்ட துப்பாக்கிகள் கள்ளச் சந்தையில் வாங்கியவை அல்ல. குற்றஞ்சாட்டப்பட்ட மாணவனின் தந்தை சட்டப்படி வைத்திருந்தவை. பதிவேடு மட்டும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியையும், வீட்டில் பூட்டிவைக்கும் பொறுப்பையும் நிபந்தனையாக்கும் உரிமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் பற்றிய உங்கள் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பதிவேடுதான் பறிமுதலின் முதல் படி என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல முடியும். 1934 முதல் இயந்திரத் துப்பாக்கி உரிமையாளர்களின் பெயர்கள் மத்திய அரசிடம் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரசு வீடு வீடாகப் போய்ப் பறித்ததில்லை. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பாகிவிட்டதால், அத்தகைய பறிமுதலுக்கு அரசமைப்பிலும் இடமில்லை. அந்த உரிமை வரம்பற்றதன்று என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது.

கனடாவைச் சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு. நீள்குழல் துப்பாக்கிகளுக்கு அங்கே தொடங்கிய பதிவேட்டின் செலவு கட்டுக்கடங்காமல் பெருகியது. 2012-இல் அதைக் கைவிட்டார்கள். அது மோசமான நிர்வாகம். ஆயினும் துப்பாக்கி வைத்திருக்க உரிமமும், கைத்துப்பாக்கிக்குப் பதிவும் கட்டாயம் என்பதைக் கனடா கைவிடவில்லை.

ஜாக்சன் லீயின் மசோதாவிலும் நாங்கள் ஏற்காதவை இரண்டு. யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற விவரத்தைப் பொதுமக்கள் அனைவரும் பார்க்கலாம் என்று அது சொன்னது; திருடனுக்கும், பிரிந்துபோன மனைவியைத் தேடும் கணவனுக்கும் அது வழிகாட்டியாகிவிடும். காப்பீட்டுக்கென 800 டாலர் கட்டணம் விதித்தது, ஏழை உழைப்பாளியின் உரிமையைப் பணக்காரரின் சலுகையாக மாற்றிவிடும். இந்த இரண்டையும் நீக்கிவிட்டு, காவல் துறையும் நீதிமன்றமும் மட்டுமே பார்க்கக்கூடிய பதிவேட்டோடு வரும் மசோதாவைத்தான் நாங்கள் ஆதரிக்கிறோம். சென்ற இதழில் அதை விளக்காமல் விட்டது எங்கள் பிழை.