வெளிநாட்டுப் பயணத்துக்குக் காசு மாற்றப் போகிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். காசு மாற்றுவது பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஈப்போவில் பணமாற்றுக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடம் நோட்டு எண்ணியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கீழே கணக்கில் வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால்மரக் காட்டில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்: நானும் வீட்டம்மாவும் திருச்சி வழியாகப் பழனி, மதுரை போகிறோம். ரூபாயை இங்கேயே மாற்றுவதா, அங்கே இறங்கி மாற்றுவதா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்யுங்கள், ஐயா. நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் இந்திய ரூபாயை விமானம் வழியாக ஆளுக்கு 25,000 வரைதான் உள்ளே கொண்டு போகலாம். அதற்கு மேல் கூடாது. நீங்கள் இரண்டு பேர், ஆக 50,000 வரை இடம் இருக்கிறது. ஆனால் அவ்வளவும் தேவையில்லை. இறங்கியதும் டாக்சி, சாப்பாடு, முதல் இரண்டு மூன்று நாள் செலவு, கோயில் காணிக்கை, இதற்கு ஆகிற அளவு இங்கே மாற்றினால் போதும்.

மீதியை நல்ல 100 வெள்ளி, 50 வெள்ளி (ரிங்கிட்) நோட்டாகக் கொண்டு போய்த் திருச்சி டவுனில் உரிமம் உள்ள கடையில் மாற்றுங்கள். நம் ஆட்கள் நிறைய வந்து போகிற ஊர் என்பதால் அங்கே வெள்ளியைத் தயங்காமல் வாங்குவார்கள். பழனி அடிவாரத்தில் போய் வெள்ளியை நீட்டினால் கஷ்டம். விமான நிலையத்துக் கவுண்டரில் விலை பெரும்பாலும் மட்டமாக இருக்கும், அதன்மேல் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேரும். அவசரத்துக்கு மட்டும் அங்கே மாற்றுங்கள்.

ஒன்று கட்டாயம்: எங்கே மாற்றினாலும் மாற்றியதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மிஞ்சிய ரூபாயை மறுபடி வெளிநாட்டுப் பணமாக மாற்ற அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.

அப்புறம், இங்கே மாற்றும்போதே 100, 50 ரூபாய் நோட்டுகளும் கலந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் இப்போது டீக்கடை முதல் பூக்கடை வரை போனில் ஸ்கேன் செய்து கட்டிப் பழகிவிட்டார்கள். அதனால் ஆட்டோக்காரரிடமோ தேங்காய்க் கடையிலோ 500 ரூபாயை நீட்டினால் சில்லறை இல்லை என்றுதான் பதில் வரும்.

தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் அக்கா: கடைப் பலகையில் ஒரே பணத்துக்கு இரண்டு விலை போட்டிருக்கிறதே, எதைப் பார்ப்பது? ஈப்போவில் விலை நன்றாக இருக்கும் என்கிறார்கள், போகலாமா?

பலகை கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது, அக்கா. ‘விற்கும் விலை’ என்றால் அவர் உங்களுக்கு ரூபாயை விற்கிற விலை. ‘வாங்கும் விலை’ என்றால் மிஞ்சியதை நீங்கள் திருப்பிக் கொண்டு வரும்போது அவர் தருகிற விலை. பயணத்துக்குக் கிளம்புகிறவர் விற்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். இந்திய ரூபாய், தாய்லாந்து பாட் போன்றவற்றுக்கு 100-க்கு இவ்வளவு வெள்ளி என்று எழுதியிருப்பார்கள்.

100 ரூபாய்க்கு விற்கும் விலை 5.20 வெள்ளி, வாங்கும் விலை 4.90 என்று வைத்துக்கொள்வோம். 25,000 ரூபாய் வாங்க 1,300 வெள்ளி ஆகும். பயணம் ரத்தாகி மறுநாளே திருப்பிக் கொடுத்தால் 1,225 வெள்ளிதான் கிடைக்கும். 75 வெள்ளி போச்சு. தேவைக்கு மேல் மாற்றி வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கடைக்குப் போனதும் “விலை என்ன?” என்று கேட்பதை விட “1,000 வெள்ளி கொடுத்தால் என் கையில் எத்தனை ரூபாய் வைப்பீர்கள்?” என்று கேளுங்கள். கட்டணம் ஏதாவது இருந்தால் அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும். விலை 5.20 என்றால் 19,230 ரூபாய். பக்கத்துக் கடையில் 5.25 என்றால் 19,047. வித்தியாசம் 183 ரூபாய், நம் காசில் பத்து வெள்ளிக்கும் குறைவு. இதற்காகப் பெட்ரோலும் டோலும் கட்டி ஈப்போ வரை போவது வீண். பத்துப் பேர் சேர்ந்து 10,000 வெள்ளி மாற்றுகிறீர்கள் என்றால் அப்போது போகலாம், பேரம் பேசவும் முடியும்.

சனி, ஞாயிறு வேண்டாம். சந்தை மூடியிருப்பதால் திங்கட்கிழமை விலை எங்கே நிற்குமோ என்று கடைக்காரர் கொஞ்சம் ஏற்றித்தான் வைப்பார். நம் ஊர்க் கடைகளில் சிங்கப்பூர் வெள்ளி, பாட், டாலர் எப்போதும் இருக்கும். ரூபாய் மொத்தமாக வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

செம்பனைத் தோட்ட லாரி ஓட்டும் தம்பி: உரிமம் உள்ள கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஐசி (அடையாள அட்டை) கேட்கிறார்களே, கொடுக்கலாமா?

நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தந்த உரிமம் கடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பணச்சேவைத் தொழில் சட்டத்தின் கீழ் அது இல்லாமல் பணம் மாற்றுவது குற்றம். 3,000 வெள்ளியும் அதற்கு மேலும் மாற்றினால் ஐசி கேட்பது விதி, தாராளமாகக் கொடு. கேட்காத கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரசீது இல்லாமல் வெளியே வராதே.

பணத்தைக் கண்ணாடி முன்னாலேயே நின்று எண்ணு. மேலே கேமரா இருக்கும், குறைந்தால் அங்கேயே பேசித் தீர்க்கலாம். படி இறங்கிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. வெளியூரில் தெருவில் நின்று “நல்ல விலை” என்று கூப்பிடுகிறவனிடம் ஒரு வித்தை உண்டு: கட்டுக்கு நடுவில் ஒரு நோட்டை இரண்டாக மடித்துச் செருகியிருப்பான். விரல் நுனியால் ஓரத்தைத் தள்ளி எண்ணும்போது அந்த ஒன்று இரண்டாகக் கணக்கில் வரும். கட்டைப் பிரித்து ஒவ்வொரு நோட்டையும் முழுசாகக் கீழே வைத்து எண்ணினால் மாட்டிக்கொள்வான்.

லயத்து வீட்டைக் காலி செய்த அக்கா: பாட்டி வைத்திருந்த பெட்டியில் இந்திய 500, 1,000, 2,000 நோட்டுகள் கிடைத்தன. செல்லுமா?

பழைய 500-ம் 1,000-மும் 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு செல்லாமல் போயின. பாட்டியின் ஞாபகமாக வேண்டுமானால் இங்கேயே வைத்திருங்கள், பயணத்தில் எடுத்துப் போகாதீர்கள். 2,000 ரூபாயை 2023 மே 19 அன்று புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சட்டப்படி அது இன்னும் செல்லும், ஆனால் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். வங்கிக் கிளைகள் வாங்கியது 2023 அக்டோபர் 7 வரைதான். அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் 19 அலுவலகங்களில் மட்டும். சென்னையில் ஒன்று இருக்கிறது. ஒன்றிரண்டு நோட்டுக்காக அவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பேன். இங்கே யாராவது விலை குறைத்து 2,000 ரூபாய் நோட்டு தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

இப்போதைய 500 சாம்பல் நிறம், பின்பக்கம் செங்கோட்டைப் படம். நோட்டைச் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் ஓடும் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். 200 பளிச்சென்ற மஞ்சள், புதிய 100 இளம் ஊதா.

கல்யாண வீட்டுத் தம்பி: தங்கை கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் வாங்க அப்பா சேமநிதிப் பணம் 50,000 வெள்ளியை ரொக்கமாகவே கொண்டு போகப் போகிறேன் என்கிறார். பிரச்சினை வருமா?

வரும். இதை அப்பாவோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசு தம்பி.

மலேசியாவை விட்டுப் போகும்போதும் உள்ளே வரும்போதும் கையில் இருக்கும் ரொக்கம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்துறையிடம் 22-ஆம் எண் படிவத்தில் அறிவிக்க வேண்டும். 50,000 வெள்ளி அந்த வரம்பைத் தாண்டுகிறது. வெள்ளி நோட்டாகவே அந்த அளவுக்கு மேல் கொண்டு போக பேங்க் நெகாராவின் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் இறங்கியதும் அடுத்த கணக்கு: வெளிநாட்டு நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ அங்கேயும் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் பெரியவர்கள் அறிவிப்பது என்றாலே வரி பிடிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். அறிவித்தால் வரி கிடையாது. எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் சேமநிதித் தாளைக் காட்டினால் போதும். மறைத்துப் பிடிபட்டால்தான் பணமும் முடங்கும், வழக்கும் வரும். முப்பது வருடம் வெயிலிலும் மழையிலும் சேர்த்த காசு அது. அப்படி மாட்டிக்கொள்ள விடக்கூடாது.

நான் சொல்லும் வழி: செலவுக்கு மட்டும் ரொக்கம். பட்டுக் கடை, நகைக் கடை இரண்டிலும் கார்டு எடுப்பார்கள். அங்கே நம்பிக்கையான சொந்தக்காரர் இருந்தால் உரிமம் உள்ள நிறுவனம் வழியாக அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் விலை கூடுதலாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது சட்டவிரோதம். அவர் போனை எடுக்காவிட்டால் போலீசில் காட்ட உன்னிடம் ரசீதுகூட இருக்காது.

அதே மாதிரி, விமான நிலையத்தில் “இந்தக் கவரை மட்டும் கொண்டு போய்க் கொடுங்கள்” என்று யார் கேட்டாலும், தெரிந்தவரே ஆனாலும், அப்பாவை வாங்க வேண்டாம் என்று சொல். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

உம்ரா கிளம்பும் பாய்: ரியாலை இங்கே மாற்றலாமா, டாலராகக் கொண்டு போய் அங்கே மாற்றலாமா?

ரியாலாகவே இங்கே மாற்றிவிடுங்கள், பாய். டாலருக்கு 3.75 ரியால் என்று 1986-லிருந்து கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் டாலர் வழியாகப் போய் லாபம் பார்க்க வழியில்லை, இரண்டு முறை மாற்றி இரண்டு முறை நஷ்டப்படுவதுதான் நடக்கும். கடைக்காரர் ஒரு ரியாலுக்குச் சொல்லும் விலையை 3.75-ஆல் பெருக்கிப் பாருங்கள். பலகையில் உள்ள டாலர் விலைக்குப் பக்கத்தில் வந்தால் நியாயமான விலை.

மகள் இங்கிலாந்தில் படிக்கப் போகும் அம்மா: மாமா பழைய பவுண்டு நோட்டுகள் கொடுத்திருக்கிறார். கொடுத்து அனுப்பலாமா?

காகிதமா பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பாருங்கள். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. காகித 5-ம் 10-ம் அதற்கும் முன்பே போய்விட்டன. ஆனால் மதிப்பு போகவில்லை, அந்த நாட்டு மத்திய வங்கியான ‘பேங்க் ஆஃப் இங்கிலாந்து’ இன்னும் மாற்றித் தருகிறது. மகள் அங்கே போய் மாற்றிக்கொள்ளட்டும். ராணி படம் போட்ட பிளாஸ்டிக் நோட்டு நன்றாகச் செல்லும். கைச்செலவுக்குப் பவுண்டை இங்கேயே வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். வெள்ளியை வெளிநாட்டுச் சந்தையில் வாங்கி விற்பதில்லை என்பதால் லண்டனில் அதற்குக் கிடைக்கும் விலை ரொம்பக் குறைவு.

பட்டணத்தில் கடை வைத்திருக்கும் அண்ணன்: கார்டு இருக்கும்போது ரொக்கம் எதற்கு?

கார்டு சரிதான் அண்ணா, ஆனால் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். நம் வங்கிகள் அதைப் பூட்டித்தான் வைத்திருக்கும். திறக்காமல் போனால் ஏடிஎம் கார்டைத் துப்பிவிடும். இந்திய ஏடிஎம்களில் ஒரு முறைக்குப் பெரும்பாலும் 10,000 ரூபாய்தான் வரும், ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள். ஆக இரண்டாயிரம் இரண்டாயிரமாக எடுக்காதீர்கள்.

திரையில் “ரிங்கிட்டில் கணக்கிடவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அது அந்த ஏடிஎம்காரர் தன் இஷ்டத்துக்குப் போடும் விலை. உள்ளூர்ப் பணத்திலேயே எடுங்கள். ஹாட்யாய் போவதானால் இங்கே உள்ள வங்கிச் செயலியிலேயே தாய்லாந்துக் கடைகளின் கியூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம், 2021-லிருந்து அந்த இணைப்பு இருக்கிறது. பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) மட்டும் கொஞ்சம் பாட் வைத்துக்கொள்ளுங்கள்.

யாத்திரைக் குழு அக்கா: பணத்தை எங்கே வைப்பது? மிஞ்சியதை என்ன செய்வது?

மூன்று இடமாகப் பிரியுங்கள். அன்றைய செலவு சின்னப் பர்சில். பெரிய தொகை, பாஸ்போர்ட்டோடு, சேலைக்கு உள்ளே இடுப்பில் கட்டும் துணிப் பையில். அவசரத்துக்கு 200 வெள்ளியும் ஒரு கார்டும் கணவரிடமோ கூட வருபவரிடமோ. சரக்குப் பெட்டியில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள். கோயில் வரிசையில் நெரிசல் அதிகம். உண்டியலில் போடுவதற்கு இடுப்புப் பையைத் திறக்க வேண்டிய நிலை வரக்கூடாது, காணிக்கையைத் தனியாக மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாலர் கொண்டு போகிறவர்கள் பேனாக் கிறுக்கல், முத்திரை, ஓரக் கிழிசல் இல்லாத நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்டதைப் பல கடைகள் திருப்பித் தந்துவிடும், வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள்.

மிஞ்சிய ரூபாய் நோட்டை 25,000 வரை திருப்பி எடுத்து வரலாம். அடுத்த வருடமும் போகிறவர்கள் மாற்றாமல் அப்படியே வைத்திருப்பது லாபம். சில்லறைக் காசை இங்கே கடைகள் வாங்குவதில்லை, கிளம்பும் நாளிலேயே அங்கே செலவழித்துவிடுங்கள்.