நியூயார்க்–லண்டன்: போக 7 மணி நேரம், திரும்ப 8 மணி நேரம் ஏன்?

கேள்வி: நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5,540 கி.மீ. என்கிறார்கள். விமானம் மணிக்கு 900 கி.மீ. போனால் 6 மணி 10 நிமிடம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் போக 7 மணி நேரம், திரும்ப 8 மணி நேரம் என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். உங்கள் வகுத்தலில் பிழை இல்லை; அதில் காற்று விடுபட்டிருக்கிறது.

5,540 கி.மீ. என்பது கென்னடி, ஹீத்ரோ விமான நிலையங்களுக்கு இடையே உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இது புரியாது. உண்மையான குறுக்குவழி வடக்கே வளைந்து நியூஃபவுண்ட்லாந்து பக்கமாகப் போகிறது. விமானமும் இதே கோட்டில் அப்படியே பறப்பதில்லை. அட்லாண்டிக் மீதான பாதைகளை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் வகுக்கிறார்கள். அதனால் 2 அல்லது 3 சதவீதம் கூட்டி 5,700 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். 900 கி.மீ. என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். விமானம் பறக்கும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் எனப்படும் பலத்த காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. சராசரியாக 100 கி.மீ. காற்று என்று கொண்டால், லண்டன் போகும்போது தரைவேகம் 1,000, திரும்பும்போது 800. அதாவது 5 மணி 42 நிமிடம், 7 மணி 8 நிமிடம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறி இறங்குவது, தரையிறங்க வரிசையில் காத்திருப்பது என்று இன்னும் 40 நிமிடம் சேருங்கள். நெரிசலுக்காக விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே நேரம் போடுவதால் டிக்கெட்டில் 7, 8 என்று வருகிறது. அந்தக் கணக்கு விமானம் நிற்கும் இடத்திலிருந்து கிளம்புவது முதல் அங்கே போய் நிற்பது வரை. பறக்கும் நேரம் மட்டும் அல்ல.

குளிர்காலத்தில் காற்று வலுக்கும், வித்தியாசமும் கூடும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு போயிங் 747 இந்தத் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. அதை வைத்துத் திட்டம் போட வேண்டாம்!

பலர் தடுமாறுவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். மாலை 7-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7-க்கு லண்டன் என்றால் கடிகாரத்தில் 12 மணி நேரம். லண்டன் 5 மணி நேரம் முன்னே இருப்பதால் பயணம் 7 மணி நேரம். திரும்பும்போது காலை 11-க்குப் புறப்பட்டு பிற்பகல் 2-க்கு வந்தால் 3 மணி நேரம் போலத் தோன்றும். 5 கூட்டினால் 8.

இந்த 5 மணி நேர வித்தியாசம் ஆண்டு முழுவதும் அப்படியே இருப்பதில்லை. கோடைக்காலத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. பின்னே தள்ளுவது பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட அந்த வாரங்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அப்போது லண்டனில் இறங்கி வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால், 5 கூட்டி மனக்கணக்குப் போடாதீர்கள். டிக்கெட்டில் உள்ள லண்டன் நேரத்தையே அடுத்த விமானத்தின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.