அண்டி ஆபீஸ் பக்கத்தில் இருந்தால் உணவுத் தொழில்நுட்ப வேலை கிடைத்துவிடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மகள் பிளஸ் டூ. உணவுத் தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறாள். சுற்றிலும் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலைதான். படித்து முடித்தால் வீட்டிலிருந்தே போய்வருகிற மாதிரி வேலை கிடைக்காதா?

கிடைக்கலாம். ஆனால் ஓர் ஆலைக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். ஏன் அவ்வளவு குறைவு என்பது அந்த ஆலை உங்கள் ஊருக்கு எதைத் தேடி வந்தது என்பதில் இருக்கிறது.

கரும்பு ஆலையை வயலுக்குப் பக்கத்தில்தான் வைத்தாக வேண்டும். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்கச் சர்க்கரை குறையும். முந்திரிக்கு அந்த அவசரம் இல்லை. காயவைத்த கொட்டை மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்கும், கப்பலேறியும் வரும். கொல்லம், குமரி ஆலைகளில் உடைபடுவதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கொட்டை. அவ்வளவு தூரம் கடந்து அது இங்கே வருவதற்குக் காரணம் நம் ஊர்ப் பெண்களின் கை.

100 கிலோ கொட்டைக்கு 22 முதல் 25 கிலோ பருப்புதான் தேறும். முழுசாக வந்தால் ஒரு விலை, பிளந்தால் குறைவு, நொறுங்கினால் இன்னும் குறைவு. ‘டபிள்யூ 320’ என்பது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 எண்ணிக்கை நிற்கும் வெள்ளை முழுப்பருப்பு. ஓட்டெண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யும் என்பதால் சாம்பலைத் தொட்டுக்கொண்டே, பருப்பு சிதையாமல் தட்ட வேண்டும். போர்மா என்னும் உலர்த்தும் அடுப்பில் காய்ச்சல் போதாவிட்டால் தொலி ஒட்டிக்கொள்ளும், அதிகமானால் உரிக்கும்போதே பருப்பு உடையும். இந்தப் பக்குவம் எந்த வகுப்பிலும் சொல்லித்தரப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அந்தப் பழக்கம் முதலில் கொல்லத்தில் திரண்டது. அங்கே சங்கமும் குறைந்தபட்சக் கூலியும் வலுத்ததும், முதலாளிகள் அதே கைப்பழக்கத்தைக் குறைந்த கூலிக்குப் பெறத் தெற்கே நகர்ந்தார்கள். 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்திருந்ததால், எல்லையைத் தாண்டினாலே வேறு கூலி அட்டவணை. தொழிலாளருக்கு இது நல்ல கணக்கில்லை என்பது தனி விஷயம். ஆனால் கைகளுக்காக வந்த ஆலை பட்டதாரிகளை அள்ளாது என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 25 உணவுக் கையாளர்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. 300 பேர் ஆலைக்கு 12 பேர் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அது ஃபாஸ்டாக் (FoSTaC) என்னும் குறுகிய பயிற்சி. பட்டம் தேவையில்லை. ஆலை தன் மேஸ்திரிகளையே அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவிடும்.

பட்டத்துக்கு மதிப்புள்ள ஆலை எது என்பதை வெளியிலிருந்தே ஓரளவு கணிக்கலாம். செய்து முடித்த அளவுக்கு ஏற்பக் கூலி கொடுத்தால் அது கையை நம்பும் ஆலை. உடைக்கும் இயந்திரம், நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர், உலோகம் கண்டறியும் கருவி எல்லாம் வந்துவிட்டால், பெண்கள் வரிசை சுருங்கி, இயக்குபவர், பராமரிப்பாளர், தரக் கட்டுப்பாட்டாளர் இடங்கள் கூடும். 2006-ல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் முதலிடம் பிடித்த வியட்நாம் இன்று பெரும்பாலும் இயந்திரத்தையே நம்புகிறது. அந்தப் போட்டிதான் இங்கேயும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆய்வகத்தில் ஈரப்பதமானி மட்டும் இருக்கிறதா, நுண்ணுயிர், அஃப்ளாடாக்சின் (பூஞ்சை நச்சு) சோதனைகளும் உள்ளேயே நடக்கின்றனவா என்று கேளுங்கள். ஹெச்.ஏ.சி.சி.பி., பி.ஆர்.சி. போன்ற உணவுப் பாதுகாப்புச் சான்று வைத்திருக்கும் ஏற்றுமதி ஆலையில் பதிவேடு எழுதவும் தணிக்கைக்குப் பதில் சொல்லவும் படித்த ஆள் கட்டாயம் வேண்டும்.

மறுபக்கம், பெருந்துறை சிப்காட்டின் பிஸ்கட் ஆலை, சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியின் சாக்லேட் ஆலை போன்றவற்றின் கணக்கே வேறு. அடுப்பை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது, மூன்று ஷிப்டும் ஓட வேண்டும். ஆகவே பேருந்து விட்டு அழைத்துவரக்கூடிய தொலைவில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். இரவு ஷிப்ட், விடுதி வாழ்க்கை இரண்டுக்கும் வீட்டில் சம்மதமா என்பதைக் கல்லூரிக் கட்டணம் கட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நான்காம் ஆண்டில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

படிக்கும் இடம்: மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான தஞ்சாவூர் நிஃப்டெமுக்கு ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் வேண்டும். கோவை வேளாண் பல்கலை, கோடுவள்ளி உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இரண்டுக்கும் பிளஸ் டூ மதிப்பெண், ஆனால் விண்ணப்பம் தனித்தனி. அண்ணா பல்கலையின் ஏ.சி. டெக் உள்ளிட்ட பொறியியல் கல்லூரிகளுக்குப் பொதுக் கலந்தாய்வு. பொறியியல் கலந்தாய்வுக்கு மட்டும் பதிந்துவிட்டு மற்றவற்றின் கடைசித் தேதியை விட்டுவிடுவதுதான் வருடாவருடம் நடக்கும் தவறு.

வீட்டுப் பக்கத்திலேயே வேலை என்பதுதான் முக்கியமென்றால், உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வையும் கணக்கில் வையுங்கள். உணவுத் தொழில்நுட்பப் பட்டம் அதற்குத் தகுதி. மாநிலம் முழுக்கப் பணியிடம் உண்டு, உங்கள் மாவட்டமே அமையும் என்று சொல்ல முடியாது.

30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை (தொழில் பழகுநர்களை) எடுத்தாக வேண்டும் என்கிறது 1961-ம் ஆண்டுச் சட்டம். இந்த விடுமுறையில் பக்கத்து ஆலைகள் இரண்டுக்கு மகளை அழைத்துப்போய், போன வருடம் எத்தனை அப்ரண்டிஸ் எடுத்தார்கள், அதில் பட்டம் படித்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு வாருங்கள்.