ப்ளூவா சாதா சளியா, எப்போ கிளினிக் போகணும்?

காய்ச்சல் இருமல்னா பனடோல் போட்டு படுத்தா போதுமா இல்ல கிளினிக் ஓடணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் மலேசியால சுங்கை சிப்புட் பக்கம், சுத்தி செம்பனை தோட்டம், ஒரு வீட்ல ஒருத்தர் இருமுனா ரெண்டு மூணு நாள்ல லைன் வீடு பூரா இருமும்.

சாதா சளி மெதுவா வரும், மூக்கு ஒழுகும், ஆனாலும் வேலைக்கு போயிடலாம். ப்ளூ, அதாவது இன்ஃப்ளூயன்சா, திடுதிப்புன்னு வரும், காலைல நல்லா பசியாறிட்டு போன ஆளு சாயங்காலம் அடிச்சு போட்ட மாதிரி வந்து படுப்பாரு, குளிரு, தலைவலி, வறட்டு இருமல். காய்ச்சல் பெரும்பாலும் சில நாள்ல எறங்கிடும், இருமலும் அசதியும் ரெண்டு வாரம்கூட இழுக்கும், அதுக்கு பயப்பட வேணாம்.

ஆனா வயசானவங்களுக்கு சில நேரம் காய்ச்சலே காட்டாது லா. எங்கம்மாவுக்கு இனிப்பு நீர், வருஷக்கணக்கா சீனி போடாத தேத்தண்ணிதான், அன்னிக்கு தொட்டு பாத்தா சூடே இல்ல, ஆனா சீனிய கரண்டி கரண்டியா அள்ளி போட்டு கலக்கிக்கிட்டே இருக்காங்க, என்னம்மான்னா அண்ணன் பேர சொல்லி என்னைய கூப்பிடுறாங்க. அக்கா உடனே காடிய எடுத்துட்டா, நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ப்ளூவோட நிமோனியாவும் ஆரம்பிச்சிருந்துச்சு.

அதனால பேச்சு குழம்புறது, மூச்சு வாங்குறது, நெஞ்சு வலி, உதடு நீலமாகுறது, ஒண்ணுக்கே போகாம இருக்கிறது, குறைஞ்ச காய்ச்சல் திரும்ப ஏறுறது, இதுல ஒண்ணு இருந்தாலும் எமர்ஜென்சிதான், காடி இல்லனா 999 அடிங்க. கர்ப்பிணி, சின்ன புள்ளைங்க, 65 தாண்டினவங்க, ஆஸ்துமா, இருதயம், கிட்னி, இனிப்பு நீர் உள்ளவங்க எல்லாம் அந்த அளவுக்கு போற வரைக்கும் பாக்காதீங்க, ப்ளூவுக்கு குடுக்கிற ஒசெல்டாமிவிர் மாத்திரைய நோய் காட்டின 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, நம்ம நாட்டு குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதானே. பக்கத்து வீட்ல மிச்சமிருக்கிற ஆன்டிபயோடிக்க வாங்கி முழுங்குறத பாத்தா எனக்கு எரிச்சலா வரும், ப்ளூ, சளி எல்லாம் வைரஸ், வைரசுக்கு அது வேலையே செய்யாது.

நம்ம நாட்ல டெங்கி வேற இருக்கு. சளி இருமல் இல்லாம காய்ச்சல் மட்டும் அடிக்குது, கண்ணுக்கு பின்னாடி வலிக்குதுன்னா ப்ளூன்னு நீங்களே முடிவு பண்ணாம ரத்தம் எடுத்து பாருங்க, அது தெரியற வரைக்கும் பொன்ஸ்தான் (Ponstan), ஐபுபுரோஃபென்ங்கிற வலி மாத்திரை ரெண்டையுமே தொடாதீங்க, ரத்தக்கசிவு ஆகலாம். டெங்கில காய்ச்சல் விடுற நேரத்துலதான் ஆபத்தே, அப்ப வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம் வந்தா நடுராத்திரினாலும் கிளம்பிடுங்க.

போறப்ப மாஸ்க் போட்டுக்கிட்டு, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் பையோட தூக்கிட்டு போங்க, டாக்டர் மொதல்ல அதத்தான் கேப்பாங்க.